கணினியில் சத்தம் வரவில்லையா? டிரைவரைத் தொடும் முன் செய்ய வேண்டியவை

கணினி ஊமையானதும் பலர் முதலில் கை வைப்பது டிரைவரில்தான், அதாவது விண்டோஸுக்கும் ஒலிச் சில்லுக்கும் இடையே பேசும் மென்பொருளில். அதை அழிப்பது, திரும்ப நிறுவுவது, அதுவும் பலிக்காவிட்டால் விண்டோஸையே புதிதாகப் போடுவது. உண்மையில் டிரைவர் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள்.

நீங்கள் போடும் பாட்டு ஒரு செயலியில் கிளம்புகிறது. விண்டோஸ் அதை மற்றச் சத்தங்களோடு கலந்து, எந்தச் சாதனத்துக்கு அனுப்புவது என்று முடிவுசெய்கிறது. பிறகு டிரைவர், ஒலிச் சில்லு, ஜாக், கம்பி, கடைசியில் ஸ்பீக்கர். இந்த வழியில் சத்தம் எங்கே நின்றுபோகிறது என்று தெரியாமல் எதைப் பிரித்தாலும் குருட்டு வேலைதான். வழியை நடுவிலேயே இரண்டாகப் பிரித்துப் பார்க்க விண்டோஸில் ஒரு பச்சைப் பட்டை இருக்கிறது. அதைத் திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம் கம்பிகளோடு செலவிடுங்கள்.

கம்பியும் சுவிட்சும்

சோதனைக்கு இடைவெளியில்லாமல் ஒலிக்கும் ஒன்றை ஓடவிடுங்கள். சிங்கப்பூர்த் தமிழ் வானொலியான ஒலி 96.8-இன் நேரலை போதும், பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும். யூடியூப் விளம்பரம் முடிகிற நேரம் பார்த்துச் சோதித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஸ்பீக்கரில் விளக்கு எரிகிறதா? சிங்கப்பூரில் சுவர்ச் சாக்கெட்டுகளில் பெரும்பாலும் தனிச் சுவிட்சு உண்டு; எக்ஸ்டென்ஷன் பலகையிலும் ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருக்கலாம். மேசைக்கடியில் கூட்டும்போது ஒன்று அணைந்திருந்தால் யாருக்கும் தெரியாது. மூன்று முள் பிளக்கின் உள்ளே சின்ன ஃபியூஸ் இருக்கிறது, அது போனாலும் விளக்கு எரியாது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்பீக்கராக இருந்தால் மின்னழுத்தத்தில் சிக்கல் இல்லை. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் வடிவம்தான் வேறு. தளர்ந்த அடாப்டரில் தொங்கவிடாமல், பாதுகாப்பு முத்திரை உள்ள அடாப்டரை வாங்கிப் போடுங்கள். அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் ஸ்பீக்கரை அப்படியே சொருகியிருந்தால் அது பிழைத்திருக்க வாய்ப்புக் குறைவு.

விலை குறைந்த மேசை ஸ்பீக்கர்களில் இரண்டு வால்கள் இருக்கும்: ஒன்று யுஎஸ்பி, இன்னொன்று 3.5 மில்லிமீட்டர் பிளக். யுஎஸ்பி அதில் மின்சாரத்துக்கு மட்டும்தான். விளக்கு எரிகிறதே என்று அதோடு விட்டுவிட்டால் சத்தம் வராது, 3.5 பிளக்கையும் கணினியில் சொருக வேண்டும்.

சொருகுவது எங்கே? மேசைக் கணினியின் பின்புறத்தில் பச்சை ஜாக்தான் சத்தம் வெளியேறும் இடம். இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து சத்தம் உள்ளே வருவதற்கு. ஜாக்குகளுக்கு நிறமே இல்லாத கணினிகளில் ஹெட்போன் படமோ சத்தம் வெளியேறும் அம்புக்குறியோ இருக்கும். முன்பக்க ஜாக்கில் வராமல் பின்னால் வந்தால், பெட்டிக்குள் முன்பக்கக் கம்பி தாய்ப்பலகையின் (மதர்போர்டு) ஒன்பது முள் இணைப்பிலிருந்து கழன்றிருக்கலாம். வீடு மாறிய பிறகு இது சகஜம்.

பிளக் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்பதைக் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள், அழுத்திப் பாருங்கள். அரைகுறையாக நின்றால் ஒரு வினோதம் நடக்கும்: இசை மெல்லிசாகக் கேட்கும், பாடுபவர் குரல் மட்டும் காணாமல் போயிருக்கும். இரு பக்கத்துக்கும் பொதுவான தரைக் கம்பி (கிரவுண்ட்) தொடாதபோது இடது, வலதுக்கிடையே உள்ள வித்தியாசம் மட்டுமே ஸ்பீக்கருக்குப் போகிறது. குரல் பொதுவாக இரு பக்கமும் சமமாகப் பதிவாகியிருப்பதால் அது தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. பாட்டு கரோக்கே மாதிரி ஒலித்தால் மென்பொருளைத் தேடாதீர்கள், பிளக்கைத் தள்ளுங்கள். மைக்கும் சேர்ந்த நான்கு தொடுமுனைப் பிளக்கை, அதற்குப் பொருந்தாத ஜாக்கில் சொருகினாலும் இதே கதைதான்.

ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு கணினியே வேண்டாம். ஸ்பீக்கரைப் போட்டு, ஒலியளவைக் கால் பங்கில் வைத்து, கணினியிலிருந்து உருவிய 3.5 பிளக்கின் நுனியை விரலால் தொடுங்கள். ‘உர்ர்’ என்று இரைந்தால் ஸ்பீக்கருக்கும் அதன் கம்பிக்கும் உயிர் இருக்கிறது, கோளாறு கணினிப் பக்கம். இரைச்சல் வரவில்லையென்றால் உடனே ஸ்பீக்கரைத் தூக்கிப் போட வேண்டாம். நன்றாக வேலை செய்யும் ஹெட்போன் ஒன்றைக் கணினியில் சொருகி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இதோடு ஒரு ரீஸ்டார்ட். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது போதாது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இயக்கத்தில் இருக்கும்போது, ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் தன் உட்பகுதியையும் டிரைவர் நிலையையும் வட்டில் சேமித்துவைத்து அப்படியே திரும்ப எடுத்துக்கொள்கிறது. சிக்கிக்கொண்ட டிரைவர் சிக்கியபடியே எழுந்து வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும்.

பச்சைப் பட்டை

செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் சவுண்ட் பக்கத்துக்குப் போங்கள். விண்டோஸ் 11-இல் அடியில் ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ என்றிருக்கும். விண்டோஸ் 10-இல் ‘சவுண்ட் கண்ட்ரோல் பேனல்’. திறந்தால் பழைய காலத்துச் சிறு சன்னல் ஒன்று வரும், அதில் முதல் தாவல் ‘பிளேபேக்’. உங்கள் கணினி சத்தம் அனுப்பக்கூடிய சாதனங்கள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் வலப்புறமும் செங்குத்தாக ஒரு சாம்பல் பட்டை. சத்தம் போய்க்கொண்டிருந்தால் அது பச்சையாக ஏறி இறங்கும்.

கடிகாரத்துக்குப் பக்கத்திலுள்ள ஸ்பீக்கர் சின்னத்தில் மியூட் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, நேரலையை ஓடவிட்டு, பட்டைகளைப் பாருங்கள். நான்கு நிலைகளில் ஒன்றுதான் இருக்க முடியும்.

வேறு ஏதோ ஒரு சாதனத்தின் பட்டை ஆடுகிறது. அப்படியென்றால் சத்தம் தப்பான வாசலுக்குப் போகிறது. அடிக்கடி காண்பது இதைத்தான்.

உங்கள் ஸ்பீக்கரின் பட்டையே ஆடுகிறது, ஆனால் காதில் விழவில்லை. விண்டோஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. ஜாக், கம்பி, ஸ்பீக்கர் பக்கம் பாருங்கள்.

எந்தப் பட்டையும் ஆடவில்லை. செயலிக்கும் விண்டோஸுக்கும் நடுவில் தடை.

உங்கள் ஸ்பீக்கர் பட்டியலிலேயே இல்லை. இப்போதுதான் டிரைவரைச் சந்தேகிக்கலாம்.

சத்தம் தப்பான வாசலுக்குப் போகிறது

முதல் சந்தேகம் திரை மீதுதான். எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட் இரண்டு கம்பிகளும் படத்தோடு சத்தத்தையும் சுமக்கின்றன. அதனால் புதுத் திரையையோ தொலைக்காட்சியையோ இணைத்ததும் விண்டோஸ் அதையும் ஒரு ஒலிச் சாதனமாகச் சேர்த்து, பல நேரம் சத்தத்தை அங்கேயே திருப்பிவிடுகிறது. திரையில் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும் இப்படித்தான். பட்டியலில் திரையின் மாடல் பெயரோடு என்விடியா, ஏஎம்டி அல்லது இன்டெல் டிஸ்பிளே ஆடியோ என்று தெரிந்தால் அதுதான்.

விண்டோஸ் 11-இல் மாற்றுவதற்கு விரைவான வழி: விண்டோஸ் விசை, கண்ட்ரோல், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்; சாதனப் பட்டியல் வரும், வேண்டியதைச் சொடுக்குங்கள். நிரந்தரமாக ஒழிக்க வேண்டுமானால் பிளேபேக் தாவலில் திரையின் பெயரை வலச்சொடுக்கி ‘டிஸேபிள்’ செய்யுங்கள், ஸ்பீக்கரை ‘செட் டிஃபால்ட்’ ஆக்குங்கள். திரையின் வழியாகவே சத்தம் வேண்டும் என்பவர்கள் திரையின் சொந்த மெனுவில் ஒலியளவைப் பார்க்க வேண்டும். அது பூஜ்ஜியத்தில் இருந்தால் விண்டோஸில் 100 வைத்தும் பயனில்லை. விஜிஏ கம்பியில் சத்தமே போகாது.

புளூடூத் ஹெட்போனில் தொல்லை வேறு மாதிரி. அது கைப்பேசியோடு இணைந்துகொண்டு கணினியை மறந்திருக்கலாம், கைப்பேசியில் புளூடூத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். விண்டோஸ் 10-இல் ஒரே ஹெட்போன் ‘ஸ்டீரியோ’, ‘ஹேண்ட்ஸ் ஃப்ரீ’ என்று இரண்டு பெயர்களில் தெரியும். பாட்டுக்கு ஸ்டீரியோ. ஹேண்ட்ஸ் ஃப்ரீயில் மைக்கும் சேர்ந்து இயங்குவதால் சத்தம் பழைய தொலைபேசி மாதிரி வரும், சில செயலிகளில் வராமலே போகும்.

எந்தப் பட்டையும் ஆடவில்லை

செயலியையே பாருங்கள். உலாவியின் தாவலில் குறுக்குக்கோடு போட்ட ஸ்பீக்கர் இருந்தால் வலச்சொடுக்கி ‘அன்மியூட் சைட்’ கொடுங்கள். பிறகு விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் எஸ் என் டி வி ஓ எல் என்ற ஆறு எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுங்கள். பழைய வால்யூம் மிக்சர் திறக்கும். ஒவ்வொரு செயலிக்கும் தனி ஒலியளவு, தனிப் பட்டை. உலாவி மட்டும் பூஜ்ஜியத்தில் கிடப்பதை அங்கே கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

ஸூம், டீம்ஸ் போன்றவை விண்டோஸ் சொல்வதை எப்போதும் கேட்பதில்லை. அவற்றின் ஆடியோ அமைப்பில் ஸ்பீக்கரைத் தனியாகத் தேர்வுசெய்து ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்த வேண்டும். அழைப்பில் இருக்கும்போது மட்டும் மற்றச் சத்தங்கள் அமுங்கினால், அதே பழைய சன்னலின் ‘கம்யூனிகேஷன்ஸ்’ தாவலுக்குப் போங்கள். மற்றச் சத்தங்களை 80 விழுக்காடு குறைப்பது அங்கே விண்டோஸின் இயல்பான அமைப்பு. ‘டூ நத்திங்’ என்று மாற்றுங்கள்.

எல்லாச் செயலிகளும் மௌனம் என்றால் விண்டோஸின் ஒலிச் சேவை நின்றிருக்கலாம். தேடல் பெட்டியில் ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறந்து, ‘விண்டோஸ் ஆடியோ’, ‘விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயிண்ட் பில்டர்’ இரண்டையும் பாருங்கள். இரண்டும் ‘ரன்னிங்’, ‘ஆட்டோமேட்டிக்’ ஆக இருக்க வேண்டும். எண்ட்பாயிண்ட் பில்டரை வலச்சொடுக்கி ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால், அதை நம்பியிருக்கும் மற்றதும் கூடவே எழும்.

பட்டை ஆடுகிறது, காதில் விழவில்லை

பிளேபேக் தாவலில் சாதனத்தை வலச்சொடுக்கி, ‘பிராப்பர்டீஸ்’ சன்னலில் ‘அட்வான்ஸ்டு’ தாவலுக்குப் போய் வடிவத்தை 16 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். சில வெளி ஒலிச் சாதனங்கள் 192000 போன்ற உயர் வடிவத்தில் திணறும். ‘என்ஹான்ஸ்மெண்ட்ஸ்’ எல்லாவற்றையும் அணையுங்கள், ஸ்பேஷியல் சவுண்டையும் ‘ஆஃப்’ செய்யுங்கள்.

படத்தில் பின்னணி இசை அதிர்கிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை என்பது தனி ரகம். 5.1 ஒலித்தடத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று பதிவாகியிருக்கும். உங்களிடம் இருப்பது இரண்டே ஸ்பீக்கர், விண்டோஸ் மட்டும் ஆறு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால் வசனம் இல்லாத ஸ்பீக்கருக்குப் போய்விடும். பிளேபேக் தாவலில் ஸ்பீக்கரைத் தேர்ந்து ‘கான்ஃபிகர்’ அழுத்தி ‘ஸ்டீரியோ’ ஆக்குங்கள்.

மடிக்கணினியில் பட்டியல் ‘ஹெட்போன்ஸ்’ என்றே காட்டுகிறது, ஆனால் எதுவும் சொருகவில்லை என்றால், ஜாக்கின் உள்ளே இருக்கும் சிறு உணர்சுவிட்சு ஒட்டிக்கொண்டுவிட்டது. கணினி இன்னும் ஹெட்போன் இருக்கிறது என்று நம்பி ஸ்பீக்கரை அமர்த்திவைத்திருக்கிறது. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியிலேயே 80 விழுக்காட்டுக்கு மேல். உலோகத் தொடுமுனைகளில் மெல்லிய படலம் படிய அதுவே போதும், தூசியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முதலில் ஹெட்போன் பிளக்கைப் பத்துப் பதினைந்து முறை சொருகி உருவுங்கள். பலிக்காவிட்டால் கணினியை முழுதாக அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, 90 விழுக்காட்டுக்குக் குறையாத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரே ஒரு சொட்டைப் பிளக்கின் மீது விட்டு, ஜாக்கில் சொருகி நாலு சுற்றுச் சுற்றி எடுங்கள். கால் மணி நேரம் உலரவிட்ட பிறகே கணினியைப் போடுங்கள். எண்ணெய்த் தெளிப்பான்கள் வேண்டாம். அவை தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஊசி, பின் போன்றவற்றை விட்டுக் குடைந்தால் உள்ளிருக்கும் தகடு வளைந்து ஜாக்கே போய்விடும்.

பட்டியலிலேயே இல்லை

பிளேபேக் தாவலின் வெற்றிடத்தில் வலச்சொடுக்கி ‘ஷோ டிஸேபிள்டு டிவைசஸ்’ கொடுங்கள். மங்கலாக ஸ்பீக்கர் தெரிந்தால் அதை ‘எனேபிள்’ செய்யுங்கள், வேலை முடிந்தது.

தெரியாவிட்டால் டிவைஸ் மேனேஜர். விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தினால் வரும் பட்டியலில் அது இருக்கும். ‘சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கண்ட்ரோலர்ஸ்’ பிரிவை விரியுங்கள். சாதனத்தில் கீழ்நோக்கிய அம்பு என்றால் அணைக்கப்பட்டிருக்கிறது. மஞ்சள் முக்கோணம் என்றால் இரட்டைச் சொடுக்கி, ‘டிவைஸ் ஸ்டேட்டஸ்’ பெட்டியில் வரும் குறியீட்டைப் படியுங்கள். 22 என்றால் யாரோ அணைத்திருக்கிறார்கள். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் டிரைவர் இருக்கிறது, சாதனம் எழவில்லை. 2025 சனவரி மாத விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு பல யுஎஸ்பி ஒலிச் சாதனங்கள் இந்த 10-ஐக் காட்டி நின்றுபோயின; அடுத்து வந்த புதுப்பிப்பு அதைச் சரிசெய்தது. ஆகவே நேற்றுவரை கேட்டது இன்று காலை போனால், அப்டேட் வரலாற்றையும் ஒரு கண் பாருங்கள்.

இனி டிரைவர் வேலை. வரிசை மாறாமல் செய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் பிறகு ரீஸ்டார்ட்.

1. ‘டிரைவர்’ தாவலில் ‘ரோல் பேக் டிரைவர்’ பொத்தான் மங்கலாக இல்லையென்றால் அதை அழுத்துங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பும்.
2. ‘அப்டேட் டிரைவர்’, ‘பிரவுஸ் மை கம்ப்யூட்டர்’, ‘லெட் மீ பிக்’ என்று போய், ஒலிச் சில்லு நிறுவனமான ரியல்டெக்கின் டிரைவருக்குப் பதில் ‘ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்’ என்ற விண்டோஸின் சொந்த டிரைவரைத் தேருங்கள். எச்சரிக்கை வந்தால் ‘யெஸ்’ கொடுக்கலாம்.
3. ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’. ரீஸ்டார்ட் ஆகும்போது விண்டோஸ் தானே கண்டுபிடித்து நிறுவும்.
4. உற்பத்தியாளரின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை இறக்குங்கள். எண் மடிக்கணினியின் அடிப்புற ஒட்டியில் இருக்கும்.

இன்டெல் சில்லுள்ள புது மடிக்கணினிகள் பலவற்றில் ஒலி ‘இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட்’ என்ற இன்னோர் அடுக்கு வழியாகப் போகிறது. விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு ரியல்டெக்கை மட்டும் நிறுவினால் இவற்றில் சத்தம் வராது. இரண்டாவது வழியும் உதவாது. சிப்செட் (தாய்ப்பலகைச் சில்லுகளின் டிரைவர்), ஸ்மார்ட் சவுண்ட், ரியல்டெக் என்ற வரிசையில் உற்பத்தியாளர் தளத்திலிருந்து எடுத்துப் போடுங்கள். ‘ஒரே சொடுக்கில் எல்லா டிரைவரும்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களின் பக்கமே போக வேண்டாம்.

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் கற்றல் சாதனம் (பள்ளிப் படிப்புக்கான கணினி) என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். அதில் பள்ளியின் சாதன மேலாண்மைச் செயலி இருக்கிறது. பட்டை வரை பார்த்து, என்ன தெரிந்தது என்று குறித்து, பள்ளியின் தொழில்நுட்ப உதவிக் குழுவிடம் கொடுப்பதே நல்லது.

டிவைஸ் மேனேஜரிலும் சாதனமே இல்லையா? மேசைக் கணினியை அணைத்து, சுவரிலிருந்து கம்பியை உருவி, பவர் பொத்தானை 15 வினாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்து சில்லு புதிதாக விழிக்கும். அப்படியும் வராவிட்டால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை அமைப்புப் பக்கம்) ‘ஆன்போர்டு ஆடியோ’ அல்லது ‘எச்டி ஆடியோ’ அணைந்திருக்கிறதா பாருங்கள். ஒரு முன்னெச்சரிக்கை: வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் உள்ள கணினியில் பயாஸை மாற்றினால் அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று முதலில் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. சிஸ்டம் செட்டிங்ஸில் சவுண்ட், அதில் ‘அவுட்புட்’ பட்டியலில் சரியான சாதனம் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். தேர்வு சரி, சத்தம் இல்லை என்றால் ஆக்டிவிட்டி மானிட்டரில் ‘கோர்ஆடியோடி’ என்ற செயல்முறையைத் தேடி ‘குவிட்’ கொடுங்கள். அது தானே திரும்ப எழும், பெரும்பாலும் சத்தத்தோடு.

வன்பொருள்தானா என்று தீர்ப்புச் சொல்ல

8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட யுஎஸ்பியில் உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, அதிலிருந்து கணினியைத் துவக்கி ‘டிரை உபுண்டு’ தேர்ந்தெடுங்கள். வட்டில் எதுவும் நிறுவப்படாது. அதில் சத்தம் வந்தால் உங்கள் ஒலிச் சில்லு நலம், விண்டோஸில்தான் கோளாறு. வராவிட்டால் சில்லோ ஜாக்கோ போயிருக்க வாய்ப்பு அதிகம். மிகப் புதிய மடிக்கணினிகளில் மட்டும் இந்தச் சோதனையை முழுதாக நம்ப முடியாது, லினக்ஸுக்கே அவற்றின் ஒலிச் சில்லு பழகியிருக்காது.

சில்லு போனதற்காகத் தாய்ப்பலகையை மாற்றுவது வீண் செலவு. ரோச்சோர் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளிலோ இணையக் கடையிலோ யுஎஸ்பி ஒலி அடாப்டர் வாங்குங்கள். பெருவிரல் நீளம், ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனையில் 3.5 ஜாக். சாதாரண அடாப்டருக்குப் பெரிய விலை இல்லை. அதற்குள்ளேயே தனி ஒலிச் சில்லு இருப்பதால் செத்துப்போனதை அது சுற்றிப் போய்விடுகிறது. சொருகியதும் விண்டோஸ் அடையாளம் கண்டுகொள்ளும், தனி டிரைவர் வேண்டாம். மடிக்கணினியின் உள் ஸ்பீக்கருக்கு மட்டும் இது உதவாது. வெளி ஸ்பீக்கரோ ஹெட்போனோ வைத்துக்கொள்ள வேண்டும்.

கணினி புதிதென்றால் கையிலிருந்து காசு போடாதீர்கள். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க, 2012 செப்டம்பர் 1-இல் சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த ‘லெமன்’ சட்டப்படி, கையில் கிடைத்த 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்த குறையாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள், அது முடியாதபோது விலைக் குறைப்பு அல்லது பணம் திரும்பப் பெறுதல். பேசிப் படியவில்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். தனியாரிடம் நேரடியாக வாங்கியதற்குப் பொருந்தாது. ஆகவே இணையத்தில் பார்த்து யாரோ ஒருவரின் மடிக்கணினியை எம்ஆர்டி நிலையத்தில் சந்தித்து வாங்குகிறீர்கள் என்றால், பணம் கொடுக்கும் முன் ஹெட்போனைச் சொருகிக் கேளுங்கள், பிறகு உருவிவிட்டு உள் ஸ்பீக்கரில் இடமும் வலமும் தனித்தனியாகக் கேளுங்கள்.